மஞ்சள் கோடுகளை அழித்துவிட்டேன், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு உங்கள் அத்தை எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். என் மூட்டுவலியும் என்னை விட்டுப் பிரியாமல் நலமாக இருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொழில் வளர்ச்சித் துறையில் உங்களுக்குப் பெரிய அறை கொடுத்திருக்கிறார்கள், கதவுக்கு வெளியே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று மகள் போனில் சொன்னாள். கேட்டு மனம் குளிர்ந்தேன். மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதும்போது குரலை உயர்த்தக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் முதல் பக்கம் முழுவதும் மரியாதையாகவே எழுதுகிறேன். அடுத்த பக்கத்துக்கு நான் பொறுப்பில்லை.

நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. வருகிற வியாழக்கிழமை வெளிநாட்டு நிபுணர்களை அழைத்துக்கொண்டு நம் குடைப் பட்டறைக்கு வருகிறீர்கள் என்று படித்து மகிழ்ந்தேன். அதற்குள் மூன்று காரியம் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். தரையில் போட்ட மஞ்சள் கோடுகளுக்கு மறுபடி பளிச்சென்று பெயின்ட் அடிக்க வேண்டும். நான்கு முதலாளிகளும் அவரவர் பெயர்ப் பலகைக்குக் கீழே சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். கையில் கட்டுப் போட்ட அந்தப் பெண்ணை, உங்கள் வார்த்தையிலேயே சொல்கிறேன், "ஏதாவது கொடுத்து" வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். மூன்றுக்கும் என் பதிலை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முடியாது. முடியாது. முடியவே முடியாது. மாப்பிள்ளை தப்பாக நினைக்கக் கூடாது. நினைத்தாலும் பரவாயில்லை.

இது எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கு மறந்திருக்கும். பெரிய அறைக்குப் போனவர்களுக்குச் சின்ன விஷயங்கள் மறந்துவிடும். போன வருடம் நான் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது உங்கள் துறையின் புதுக் கொள்கை வந்த புதிது. சாப்பாட்டு மேசையில் நீங்கள் சாதாரணமாகக் கேட்டீர்கள். "அத்தை, உங்க பட்டறையில எத்தனை பேர் வேலை பாக்குறாங்க?" நான் பெருமையாக, "முப்பத்தேழு பேர் மாப்பிள்ளை," என்றேன். உங்கள் மாமனார் போனபோது எட்டுப் பேர் இருந்த பட்டறை அது. நீங்கள் பாராட்டப் போகிறீர்கள் என்று முகத்தை அதற்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஐயையோ, வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க," என்றீர்கள். முப்பத்தேழு பேருக்கு வேலை கொடுப்பது ஏதோ கள்ளச் சாராயம் காய்ச்சுவது மாதிரி எனக்கே பயம் வந்துவிட்டது.

பிறகு பொறுமையாக விளக்கினீர்கள். பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் குறுந்தொழில். வரி இல்லை, கடனுக்கு வட்டி குறைவு, மின்சாரத்தில் சலுகை, இன்ஸ்பெக்டர் வந்தாலும் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். பத்தாவது ஆள் உள்ளே காலை வைத்தால் அது தொழிற்சாலை. உரிமம் வேண்டும், விபத்துக் காப்பீடு வேண்டும், தீயணைப்பு வேண்டும், சலுகை எல்லாம் போச்சு. சின்னவர்கள் வளர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கொள்கை என்றீர்கள். அப்போதே கேட்டிருக்க வேண்டும், மருமகன் வீட்டுச் சாப்பாடு வாயில் இருந்ததால் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். பேரனுக்கு ஒரு சட்டை தைத்துப் போட்டுவிட்டு, "இந்தச் சட்டை பத்தாம போற அன்னிக்கு உனக்கு அடி விழும்," என்று சொன்னால் பிள்ளை வளருமா, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடுங்கி நிற்குமா?

ஆனால் வழியும் நீங்களே சொன்னீர்கள். "ஒண்ணும் கவலைப்படாதீங்க அத்தை. பட்டறையை நாலாப் பிரிச்சிடுங்க. கம்பி ஒரு கம்பெனி, துணி வெட்டுறது ஒரு கம்பெனி, தையல் ஒண்ணு, பிடி மாட்டுறது ஒண்ணு. ஆளுக்கு ஒம்பது பேர். எல்லாரும் குறுந்தொழில்." நானும் மாப்பிள்ளை படித்தவர், துறையில் இருப்பவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஷெட்டுக்குள்ளே குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் பெயின்டில் இரண்டு கோடு போட்டேன். கம்பிக்கு நான் முதலாளி. தையலுக்கு எங்கள் தையல் அக்கா. பிடி மாட்டும் பகுதிக்கு, எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் நாங்கள் வக்கீல் என்று கூப்பிடுகிறோமே, அவர். துணிக்கு யாரும் கிடைக்காமல், ஆள் கணக்கிலேயே இல்லாத என் தம்பி. ஆமாம், உங்கள் மனைவியின் தாய்மாமன்தான். பத்து மணிக்கு முன்னால் கண் விழித்து அறியாத அந்த மனிதன் தன் மூலைக்கு "உலக நிழல் நிறுவனம்" என்று பெயர் வைத்து, பலகையில் உலக உருண்டையும் வரைந்து மாட்டிவிட்டான்.

நாலு ஒன்பது முப்பத்தாறு. ஒருத்தி மிச்சம். குடையெல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொன்றையும் விரித்து மடக்கிப் பார்த்து மூட்டை கட்ட அனுப்புகிறவள். அவள் செய்கிற வேலையின் பேரே அவளுக்கும் பேராகி, செக்கிங் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். எந்த மூலையில் சேர்த்தாலும் அந்த மூலை தொழிற்சாலை ஆகிவிடும். உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் யோசிக்கக்கூட இல்லை. "அவங்களை வாடிக்கையாளர்னு வெச்சுக்கங்க அத்தை." அன்று முதல் இன்ஸ்பெக்டர் வருகிற நாளெல்லாம் செக்கிங் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, கைப்பையோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து குடை வாங்குவாள். நன்றாகவே வாங்குவாள். ஒருமுறை கறுப்பு வேண்டாம் நீலம் எடு, இந்தத் தையல் சரியில்லை, இவ்வளவு விலையா என்று அவள் போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டரே என்னைப் பார்த்து, "வர்றவங்களை இப்படியாம்மா நடத்துறது?" என்று கடிந்துகொண்டார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

ஏனென்றால் கோடு என்பது, மாப்பிள்ளை, பெயின்ட் காய்கிற வரைக்கும்தான் பெயின்ட். அப்புறம் அது எல்லை. ரசீது இல்லாமல் ஒரு கம்பெனிப் பொருள் இன்னொரு கம்பெனிக்குப் போகக் கூடாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். சரி என்று தம்பியிடமிருந்து தையல் அக்கா துணியை "வாங்க" ஆரம்பித்தாள். வாங்குகிறவள் சும்மா இருப்பாளா? வெட்டு கோணல் என்று திருப்பி அனுப்பினாள். தம்பி, உலக நிழல் நிறுவனம் விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்றான். ஷெட்டில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய், அது தம்பியின் மூலையில் இருக்கிறது. அக்கா துணியைத் திருப்பியதும் அவன் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். டீ அடுப்பு அக்காவின் மூலையில். அவள் தம்பிக்கு டீயை நிறுத்தினாள். தண்ணீர் இல்லாமல் டீ எங்கே போடுவது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்த வக்கீல் சும்மா இருப்பாரா? கழிவறைக் கதவு அவர் மூலையில்தான் திறக்கும். "இது என் கம்பெனி இடம். வேற கம்பெனி ஆளுங்க என் இடத்துல நடக்குறாங்க. தேய்மானம் யாரு குடுப்பா?" என்று கேட்டு, போகிற வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு நூல்கண்டு சுங்கம் வசூலித்தார். அவசரத்தில் இருக்கிறவர்கள் என்ன பேரமா பேசுவார்கள்? கொடுத்துவிட்டு ஓடினார்கள். ஒரு வாரத்தில் தையல் மேசையில் நூல் இல்லை, பிடி மாட்டுகிற இடத்தில் நூல் மலை. அக்கா தன் நூலையே தானே விலை கொடுத்து வாங்கினாள். கடைசியில் நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அது என் மூலையில் இருக்கிறது, மூன்று பேரையும் இருட்டில் உட்கார வைத்துப் பேச்சு வார்த்தை நடத்தினேன். தண்ணீருக்கு டீ, டீக்குக் கழிவறை, கழிவறைக்கு வெளிச்சம் என்று ஒப்பந்தம் ஆனது. உங்கள் நிபுணர்கள் வேறு எங்காவது போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லை. உலக வர்த்தகம் முழுவதும் என் ஷெட்டுக்குள் நடந்து முடிந்துவிட்டது.

இது வரைக்கும் சிரிப்பு. இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வக்கீலுக்கு என் மூலையிலிருந்துதான் கம்பி போக வேண்டும். எங்கள் கம்பி சூடு காட்டி, வளைத்து, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பார்த்துக் கொடுக்கிறது, விலை கொஞ்சம் கூடத்தான். ஒரு நாள் காலையில் அவர் ஒரு சாக்குமூட்டையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். சந்தையில் எடைக்குக் கொட்டிக் கிடக்கிற கம்பி. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இதென்ன வக்கீலே, பட்டறையில கம்பி இருக்கும்போது வெளியில வாங்குறே?" என்றேன். அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "முதலாளியம்மா, உங்க கம்பெனி வேற, என் கம்பெனி வேற. பேப்பர்ல நான் முதலாளி. லாபம் எங்கேயோ அங்கே வாங்குவேன்," என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. வாசலில் குறுக்கே நின்று இனிமேல் வெளிக்கம்பி உள்ளே வரக் கூடாது என்று கத்தினேன். உள்ளே வந்த மூட்டை உள்ளேயே இருந்தது. என் மூலையில் ஒன்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அடுத்த மூலையில் அந்தக் கம்பியில் குடை ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் உங்கள் அறிக்கையில் எழுதியிருந்தீர்களே, போட்டி வந்தால் தரம் உயரும் என்று. எங்கே உயர்ந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தக் கம்பியில் செய்த குடையைச் செக்கிங் விரித்தாள். பாதி விரிந்ததும் கம்பி மூட்டோடு தெறித்து உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும். துணி சிவந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதலில் கோட்டைத் தாண்டி ஓடிவந்தவர் வக்கீல்தான். அவளைத் தூக்கிக்கொண்டு தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளியவரும் அவர்தான். வழியெல்லாம், "நான்தான், நான்தான்," என்று அழுதுகொண்டே வந்தார். எதற்கும் ஒரு சட்டம் எடுத்துவிடுகிற மனிதனுக்கு அன்று ஒரு சட்டமும் வாயில் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற அம்மா கேட்டார். "எங்க அடிபட்டுச்சு?"

"குடைப் பட்டறையிலங்க."

"அங்க என்ன வேலை பாக்குறீங்க?"

மாப்பிள்ளை, அவளுக்கு முகமெல்லாம் வேர்த்து ஒழுகுகிறது. கையைச் சுற்றிய துணி நனைந்து சொட்டுகிறது. ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, நெஞ்சில் எங்கள் பட்டறைப் பேர் கொட்டை எழுத்தில் தைத்திருக்கிறது. அந்த நிலையிலும் அவள் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வேலை எல்லாம் இல்லைங்க. குடை வாங்கப் போனேன்," என்றாள்.

காயம் பட்டுத் துடிக்கும்போதுகூட என் வரியை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறாள். நான் மேசையில் ஓங்கித் தட்டி, "அவ பொய் சொல்றா. என்கிட்ட வேலை பாக்குறா. எழுதிக்கோங்க," என்றேன். அந்த அம்மா நிமிர்ந்து, "அப்படின்னா காப்பீட்டுப் பதிவு எண் சொல்லுங்க," என்றார். எண்ணுக்கு எங்கே போவேன்? தொழிலாளியாக இருந்தால் சிகிச்சை உண்டு, கை சரியாகிற வரைக்கும் சம்பளம் உண்டு. வாடிக்கையாளருக்கு என்ன உண்டு? வாங்கின குடைக்கு ரசீது உண்டு.

தையல் போட்டார்கள். மூன்று விரல் இன்னும் மடங்கவில்லை. மாதக் கணக்கில் பயிற்சி எடுத்தால் மடங்கும் என்கிறார் வைத்தியர். செலவை நான் கொடுக்கிறேன், கொடுப்பேன், அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனால் அவளுக்கு ஒரு தாயும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் நாளைக்கு இருப்பேனா, பட்டறை இருக்குமா, யாருக்குத் தெரியும்? நான் பணம் கொண்டுபோன அன்று அவள் வாங்காமல், "முதலாளியம்மா, நீங்க குடுக்குறது உங்க நல்ல மனசு. மனசு மாறினா நின்னுடும். எனக்கு நல்ல மனசு வேணாம். நான் இங்க வேலை பாக்குறேன்னு ஒரு எழுத்து வேணும்," என்றாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது.

இந்த நேரம் பார்த்து உங்கள் கடிதத்தோடு உங்கள் அறிக்கையும் வந்தது. வழவழவென்று தாள், வண்ணப் படம். பட்டறைப் படம் முதல் பக்கத்திலேயே. "ஒரே ஆண்டில் ஒரு நிறுவனம் நான்கு நிறுவனங்களாகப் பெருகியது. மூன்று புதிய தொழில்முனைவோர் உருவாகியுள்ளனர்." அந்த மூன்று பேரில் என் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். படம் எடுக்க அவனை எழுப்பிக் கொண்டுவந்தது எனக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை, ஒரு ரொட்டியை நாலாக வெட்டிவிட்டு நாலு ரொட்டி இருக்கிறது என்று நீங்கள் எழுதுகிறீர்கள், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து கைதட்டப் போகிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவர்கள் அதே முப்பத்தேழு பேர்தானே? அதில் ஒருத்தியை எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லையே!

நீங்கள் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரியும். பெரிய முதலாளிகள் எங்களை மாதிரிச் சின்னப் பட்டறைகளை முழுங்கிவிடக் கூடாது என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறீர்கள். செலவு ஏறினால் பட்டறையை மூடிவிடுவீர்கள், முப்பத்தேழு பேருக்கும் வேலை போய்விடும், ஒருத்திக்காக எல்லோரையும் தெருவில் நிறுத்துவதா என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் பதில் சொல்கிறேன். நாலு மூலையும் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டியதில் இந்த மழைக்காலத்துக்கு முன்னால் போக வேண்டிய சரக்கில் பாதி போகவில்லை. பிடி இல்லாத குடை ஒரு பக்கம், துணி இல்லாத கம்பி ஒரு பக்கம். உங்கள் சலுகையில் மிச்சமானதை விட உங்கள் கோட்டில் போனது அதிகம். சின்னதாகவே இருந்து சலுகை வாங்குவதை விட, பெரிதாக இருந்து வரி கட்டுவது எனக்கு மலிவு. எப்படிப் பார்த்தாலும் நான் உங்கள் பேச்சைக் கேட்கப் போவதில்லை.

அதனால் நேற்றுச் சாயங்காலம் என்ன செய்தேன் தெரியுமா? பெயின்ட் கரைக்கிற தின்னர் இரண்டு டின் வாங்கிக்கொண்டு வந்து, பழைய துணியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து மஞ்சள் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தேன். இந்த மூட்டு வலியோடு. தையல் அக்கா பார்த்தாள், இன்னொரு துணி எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். வக்கீல் தன் பெயர்ப் பலகையைத் தானே கழற்றி, அதன் விளிம்பால் பெயின்டைச் சுரண்டினார். கொஞ்ச நேரத்தில் முப்பத்தாறு பேரும் தரையில். அந்த வாடையில் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர், அதனால் யார் அழுதார்கள், யாருக்கு எரிந்தது என்று பிரிக்க முடியவில்லை. என் தம்பி மட்டும், "அக்கா, என் நிறுவனம்!" என்று பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "டேய், தூக்கிட்டு வீட்டுக்குப் போ. தூங்குறப்ப தலைமாட்டுல வெச்சுக்கோ," என்றேன்.

ஆக, மாப்பிள்ளை, இப்போது என் ஷெட்டில் கோடு கிடையாது. ஒரே பட்டறை. முப்பத்தேழு பேர். நாளைக் காலையில் நானே பதிவு அலுவலகத்துக்குப் போய், இது தொழிற்சாலை, இவ்வளவு பேர், இதில் கையில் கட்டுப் போட்டவள் செக்கிங் வேலை பார்க்கிறவள் என்று எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடப் போகிறேன். வரியா, கட்டுகிறேன். இன்ஸ்பெக்டரா, வரட்டும், டீ கிடையாது. வியாழக்கிழமை நீங்கள் நிபுணர்களைத் தாராளமாகக் கூட்டி வரலாம், நாலு கம்பெனி எங்கே என்று கேட்டால் நடந்ததைச் சொல்வேன். உங்கள் பெரிய அறைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்குக் கொஞ்சம் கவலை இருக்கிறது. ஆனால் அறை போனால் வேறு அறை. அவள் விரலுக்கு வேறு விரல் இல்லை.

மூன்று விஷயத்தில் என் முடிவு உறுதி. இந்த முப்பத்தேழு பேரில் ஒருவர் குறையவும் மாட்டார், இன்னும் ஒருவர் கூடவும் மாட்டார், இவர்களுக்கு ஒழுங்காகச் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம். உங்கள் துறையிடம் ஒரு உதவியும் கேட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். இது நமக்குள் நடக்கிற தொழில் தகராறு, இதில் என் மகளை இழுக்க மாட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். குடும்பம் வேறு, பட்டறை வேறு.

நீங்களும் என் மகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல், சண்டை சச்சரவு இல்லாமல், இருந்தாலும் சாப்பாட்டு வேளைக்குள் முடித்துக்கொண்டு, நூறு வயது வாழ வேண்டும். உங்கள் உத்தியோகம் மேலும் மேலும் உயர வேண்டும், அந்த உயரத்திலிருந்து கீழே இருப்பவர்கள் தெரியவும் வேண்டும். என் கோபம் உங்கள் கொள்கை மேல்தான், உங்கள் மேல் இல்லை. உங்கள் மேலும் கொஞ்சம் உண்டு.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன் அத்தை,
முப்பத்தேழு பேருக்கு முதலாளி.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், இவ்வளவு திட்டியது வீணாகிவிடுமே என்று அப்படியே அனுப்புகிறேன்.

பதிவு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்த குமாஸ்தா என் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு இது தேவையில்லைம்மா. நீங்க குறுந்தொழில்." நான் முப்பத்தேழு என்று எழுதியிருப்பதை விரலால் காட்டினேன். "முந்தாநாள் மாறிடுச்சு. இனிமே நாப்பது பேருக்குக் கீழ இருந்தா எல்லாமே குறுந்தொழில். பத்துப் பேர் கொள்கை அமோக வெற்றியாம், ஒரு பட்டறை நாலாப் பெருகியிருக்காம். அதான் இன்னும் நெறைய பேருக்குப் பலன் கிடைக்கட்டும்னு விரிவாக்கியிருக்காங்க." சுற்றறிக்கையைக் காட்டினார். கீழே உங்கள் கையெழுத்து. நன்றாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

அதாவது நான் கோடு போட்டதும் வீண், அழித்ததும் வீண். "சரி, எனக்குச் சலுகை வேணாம், என் ஆளுங்களைக் காப்பீட்டுல சேத்துக்கோங்க," என்றேன். "நாப்பது இல்லாம சேக்க விதி இல்லைம்மா." "நானே கேக்குறேனே?" "கேட்டாலும் இல்லைம்மா." அவர் நல்ல மனிதர், தண்ணீர் எல்லாம் கொடுத்தார். படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேர் வேண்டும். அவ்வளவுதானே?

பட்டறை வாசலில் வேலை கேட்டு வந்து, மூலையில் இடமில்லை என்று நான் திருப்பித் திருப்பி அனுப்பிய ஒரு ஆள் அன்றும் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போ என்றேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் ஓடிவிட்டார், நான் மனம் மாறிவிடுவேன் என்று பயம். முப்பத்தெட்டு. என் தம்பியை எழுப்பி உட்கார வைத்தேன். முப்பத்தொன்பது. இப்போது அவனுக்கு எட்டு மணிக்கு வேலை, தையல் அக்காதான் மேற்பார்வை, துணி கோணலாக வந்தால் கையோடு திருப்பிக் கொடுக்கிறாள்.

நாற்பதாவது ஆளுக்குத் தையல் தெரிந்திருக்க வேண்டும், சரக்கு அவ்வளவு தேங்கிக் கிடக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பட்டறையிலேயே வேகமான கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இழுக்க மாட்டேன் என்று எழுதினேன், இழுக்கவில்லை. எல்லாவற்றையும் மகளிடம் போனில் சொன்னேன், அவளே வந்துவிட்டாள். உங்களுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாளாம். பேரனும் கூட. இன்று காலையில் மூன்று பேருமாக, அதாவது நான், உங்கள் மனைவி, செக்கிங், அதே ஜன்னலுக்குப் போனோம். குமாஸ்தா தாளில் இருந்த நாற்பது பேரையும் இரண்டு தடவை எண்ணினார். முதல் பேராகச் செக்கிங்கின் சொந்தப் பேரை எழுதியிருந்தேன். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வலது கையில் பேனா நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, நிதானமாகப் போட்டாள். எழுத்து ஒன்றொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இது செல்லுமா என்று குமாஸ்தா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

செல்லுமாம்.